காலை டிபனுக்கு என்ன செய்வது? குறை மாவுச்சத்து உணவில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன், வயது 47. நான்கு மாதமாக மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 8.1 சதவீதத்திலிருந்து 6.9-க்கு வந்திருக்கிறது. மதியமும் இரவும் சமாளித்துவிடுகிறேன். துறைமுகத்து மத்தி மீன், முட்டை, கீரை, கொஞ்சூண்டு சோறு. காலைதான் வம்பு.

ஒரு நாள் நானும் அண்ணனும் அதே மாவில் ஊற்றிய இட்லியை ஆளுக்கு மூன்று சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தோம். எனக்கு 212, அவருக்கு 148. இத்தனைக்கும் அவருக்கும் சர்க்கரை உண்டு! அதிலிருந்து ஒரே டயட் சார்ட் எல்லோருக்கும் பொருந்தும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

பண்ருட்டி முந்திரியிலும் ஏமாந்தேன். பாதாம் மாதிரிதானே என்று அள்ளிப் போட்டேன். 100 கிராமில் 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறதாம்.

நான் போடுவது மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும். அண்ணனுக்கு கிளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையும் உண்டு. அதோடு சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்பதால் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முட்டை அலுத்துவிட்டது. பாசிப்பருப்பு அடை தவிர வேறு என்ன செய்கிறீர்கள்? அப்புறம், கடலூரிலோ புதுச்சேரியிலோ நம் மீட்டர் குறிப்பைப் பார்த்து, நம் ஊர்ச் சாப்பாட்டை வைத்தே திட்டம் போட்டுத்தரும் டயட்டீஷியன் யாராவது உண்டா? ஓட்ஸ் சாப்பிடச் சொல்பவர் வேண்டாம், ஏற்கெனவே ஒருவரைப் பார்த்தாயிற்று.