மேல் லயம் குடும்பம்: சனிக்கிழமை படம்

வியாழன், இரவு 8:12

மணியம் சித்தப்பா: சனிக்கிழமை ராத்திரி நம்ம வீட்டு போர்ச்சுல படமாம். வீட்டுக்காரன் எனக்கே இப்பதான் தெரியுது.

சரோ சித்தி: நான்தான் சரின்னேன்

மணியம் சித்தப்பா: ஓ

லெட்சுமி அத்தை: எத்தன பேரு வர்றீங்க? புரட்டாசி சனி. சைவம்தான். நெத்திலி சம்பல்னு யாரும் ஆரம்பிக்காதீங்க

தினேஷ்: முட்டை?

லெட்சுமி அத்தை: தினேஷ்

தினேஷ்: சும்மா கேட்டேன் அத்தை

பெரியப்பா: என்ன படம்

தினேஷ்: ஏலியன் பெரியப்பா. அப்புறம் அதோட முன்கதை, புரோமிதியஸ்

பெரியப்பா: எம்ஜிஆர் படம் இல்லியா

செல்வா அண்ணன்: எத முதல்ல போடறதுன்னு இப்பவே முடிவு பண்ணிடணும். கதைப்படி புரோமிதியஸ் நடக்கிறது 2093ல, ஏலியன் 2122ல. படம் வந்த வருஷம் தலைகீழ்: ஏலியன் 1979, புரோமிதியஸ் 2012. ரெண்டும் ரிட்லி ஸ்காட் எடுத்ததுதான். முன்கதைதானேன்னு முன்னாடி போட்டா காரியமே கெட்டுடும். ஏலியன்ல ஒரு பாழடைஞ்ச கப்பலுக்குள்ள மூணு பேரு போவாங்க. உள்ள பெரிய நாற்காலி, அதுல ஒரு பைலட் செத்துக் கல்லாயிருப்பான். நாற்காலியோடயே சேந்து வளந்த மாதிரி. விலா எலும்பு உள்ளேருந்து வெளிய வெடிச்சிருக்கும். யாரு, எங்கேருந்து வந்தான், ஒரு வார்த்தை கிடையாது. அந்த செட்டே 26 அடி உயரம். அதும் பத்தலன்னு ஸ்காட் சொந்தப் பிள்ளைங்களுக்குச் சின்ன விண்வெளி உடுப்பு தச்சுப் போட்டு நடக்க விட்டாரு, நாற்காலி இன்னும் பெருசாத் தெரியணும்னு. அந்த நாற்காலிக்காரன் யாருன்னு 33 வருஷம் கழிச்சுச் சொல்ல வந்த படம்தான் புரோமிதியஸ். அதனால பழசுதான் முதல்ல.

தினேஷ்: அண்ணே மூச்சு விடு

லெட்சுமி அத்தை: தலை எண்ணிக்கை சொல்லுங்கன்னா கத சொல்றான்

கவிதா அக்கா: நாங்க நாலு பேரு அத்தை. செல்வா, தெரியாமலே இருக்கிறதுதான் அழகுன்னா 33 வருஷம் ஏன் எல்லாரும் அவன் யாரு யாருன்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க?

செல்வா அண்ணன்: கேட்டோம். அதுக்காக இப்படியா பதில் சொல்றது? யானத் தும்பிக்க மாதிரி இருந்த முகம் வெறும் ஹெல்மெட்டாம். கழட்டினா உள்ள எட்டடி வெள்ள மொட்ட ஆளு. அவங்கதான் மனுஷனயே படைச்சவங்களாம். சரி போகட்டும், கடைசில பாத்தா இது அந்தக் கப்பலே இல்ல. ஏலியன்ல அது கிடக்கிற நிலா எல்வி-426. இதுல எல்வி-223. அந்த ஆளு நாற்காலில உக்காந்து சாகக்கூட இல்ல, எந்திரிச்சுப் போயி வேற எடத்துல சாகறான். 33 வருஷம் விலாசம் தேடினவனுக்குப் பக்கத்து வீட்டு விலாசத்தக் குடுத்த மாதிரி.

தினேஷ்: ஹாஹா

மணியம் சித்தப்பா: விலாசம்னு சொன்னதும் ஞாபகம் வருது. அம்மாவோட பித்தள அண்டா இப்ப யாரு விலாசத்துல இருக்கு?

லெட்சுமி அத்தை: ஆரம்பிச்சிட்டியா மணியம்

சரோ சித்தி: கோயில் அன்னதானத்துக்கு எடுத்துட்டுப் போனது பெரிய மச்சான் வீட்ல

பெரியப்பா: (குரல் செய்தி, 1:52)

தினேஷ்: பெரியப்பா, முழுக்க டிவி சத்தம்தான் கேக்குது

கவிதா அக்கா: ஏன் வேற நிலான்னு காரணம் இருக்கு. ஜான் ஸ்பைட்ஸ் முதல்ல எழுதினது நேரடியா ஏலியனுக்கு முன்கதை, முட்டை, முகத்துல ஒட்டுற பிராணி எல்லாம் வச்சு. அப்புறம் டேமன் லிண்டலாஃப் வந்து அதெல்லாம் எடுத்துட்டு, நம்மளப் படைச்சது யாருங்கிற பக்கம் திருப்பிட்டாரு. பாதி வீட்ட இடிச்சுட்டு மாடி கட்டின மாதிரி ரெண்டு கதையும் ஒட்டாம நிக்குது, ஒத்துக்கிறேன். ஆனா அந்த மாடி நல்லாருக்கு லா. முதல் காட்சி எடுத்துக்கோ. ஐஸ்லாந்து டெட்டிஃபோஸ் அருவி. ஒருத்தன் கறுப்புத் தண்ணியக் குடிக்கிறான், உடம்பு பொடிப்பொடியா உதிர்ந்து ஆத்துல விழுது, அதுலேருந்து உயிர் தொடங்குது. வசனமே கிடையாது. அதுக்கே டிக்கெட் காசு சரியாப் போச்சு

தினேஷ்: எனக்கு மேப் போடற அண்ணன்தான் பிடிக்கும். குகை முழுக்க மேப் போட்டவரே வழி தெரியாம மாட்டிக்கிட்டாரு

கவிதா அக்கா: அந்த ஒண்ணுல மட்டும் படத்து மேல தப்பில்ல. மேப் போடறவர், ஃபைஃபீல்டு, விடற பறக்கும் உருண்டைங்க அளந்து அனுப்பற மேப் கப்பல்ல இருக்கிற மேசைலதான் ஓடுது. அவர் கையில இல்ல. புயல் வந்ததும் பேச்சுத் தொடர்பும் விட்டு விட்டுத்தான் வருது. இத ஒரு வரி வசனத்துல சொல்லிருந்தா எவனும் சிரிச்சிருக்க மாட்டான்

செல்வா அண்ணன்: சரி, உயிரியல் படிச்சவன்? செத்த உடம்பப் பாத்துப் பயந்து ஓடுனவன், உசுரோட படம் எடுக்கிற பாம்ப வா செல்லம்னு தொடறான்

பெரியப்பா: பாம்பா. புரட்டாசில பாம்பு படம் வேணா

தினேஷ்: பெரியப்பா அது வேற மாதிரி பாம்பு

சரோ சித்தி: அதெல்லாம் விடு. வயித்தக் கிழிக்கிற காட்சி இருக்காமே? சுமதி இத பாக்கக் கூடாதுப்பா, இந்த நேரத்துல

லெட்சுமி அத்தை: எந்த நேரத்துல?

சரோ சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லெட்சுமி அத்தை: நான் படிச்சிட்டேன் சரோ

சுமதி: அம்மா

சுமதி: மூணு மாசம் ஆகட்டும்னுதானே சொன்னேன்

பெரியப்பா: என்ன ஆச்சு

தினேஷ்: வாழ்த்துகள் சுமதி!!!

மணியம் சித்தப்பா: வீட்டுக்காரன் எனக்குத் தெரியுமான்னு யாரும் கேக்கல. தெரியும். இது மட்டும் தெரியும்.

செல்வா அண்ணன்: சரோ சித்தி, அந்தக் காட்சியப் பத்திச் சொல்றேன். படத்துல பாதி தாண்டித்தான் வரும். கதாநாயகி எலிசபெத் ஷாவுக்குக் குழந்த பிறக்காதுன்னு முன்னாடியே சொல்லிடுவாங்க. அதனாலதான் திடீர்னு மூணு மாசம்னு ரோபோ டேவிட் சொல்றது தூக்கிப் போடும். அவ ஓடிப் போயி ஆபரேஷன் பெட்டிக்குள்ள படுப்பா, சிசேரியன் பண்ணுன்னு சொல்வா. அது ஆம்பளைக்கு மட்டும் அமைச்ச பெட்டின்னு பதில் சொல்லும். அந்த அறை விக்கர்ஸ்ங்கிற மேலதிகாரி பொம்பளயோடது. பொம்பள அறையில ஆம்பளைக்கு மட்டும் பெட்டி ஏன்? கப்பல்ல ஒரு கிழவன ஒளிச்சு வச்சிருக்காங்க, கம்பெனி முதலாளி வேலண்டு. யாரும் வாயால சொல்லாம படமே துப்பு குடுக்கிற எடம் அது. அப்புறம் வயித்துல வேற பொருள் இருக்கு எடுன்னு கட்டளைய மாத்துவா. கத்தி, இடுக்கி, ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம்

சுமதி: அண்ணே போதும்

லெட்சுமி அத்தை: செல்வா நீ படிச்ச பையந்தானே

செல்வா அண்ணன்: சரி சரி. அவ கதவு திறந்து பெட்டிய எழுப்பினதும் சுமதி சமையக்கட்டுக்குப் போயிடட்டும். ஏலியன்ல சாப்பாட்டு மேசையில நெஞ்சு வெடிக்கிற காட்சி வரும்போது அதே மாதிரி

சுமதி: நான் ரெண்டும் பாத்திருக்கேன். அதுக்கடுத்த படம் கவனன்ட்டும் பாத்தாச்சு

கவிதா அக்கா: அத ஞாபகப்படுத்தாத. ஷா பாட்டுக்கு டேவிட் தலைய பையில போட்டுக்கிட்டு, 2094 வருஷப் பிறப்பன்னைக்கு, எங்கள ஏன் அழிக்கப் பாத்தீங்கன்னு கேக்கக் கிளம்புறா. 2017ல அடுத்த படம் வருது. அவ ஏற்கனவே செத்துக் கிடக்கறா! கேள்வியும் போச்சு. எனக்குப் புரோமிதியஸ் மேல கோவமே இல்ல, கவனன்ட் மேலதான்

செல்வா அண்ணன்: அதுல மட்டும் நம்ம ரெண்டு பேரும் ஒண்ணு

வெள்ளி, மாலை 6:40

மணியம் சித்தப்பா: போர்ச்சுல ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். சொல்லிட்டேன். கரண்ட் பில்லு தனி.

செல்வா அண்ணன்: எல்லாரும் இத படிங்க. புரொஜெக்டர் நான் கொண்டு வரேன். துணிக்குப் பெரியப்பா... இல்ல அப்பாவோட எட்டு முழ வேட்டி வேணும். விரிச்சா 12 அடி நீளம், 50 இஞ்ச் அகலம். இந்த ரெண்டு படமும் நீளவாக்குப் படம், உயரம் 1ன்னா அகலம் 2.39. அதனால 9 அடி அகலம் வச்சா உயரம் 3 அடி 9 இஞ்ச். கரை மேலயும் கீழயும் தள்ளியே நிக்கும். புரொஜெக்டர் 13 அடி 6 இஞ்ச் தள்ளி. ஒத்த வேட்டின்னா வெளிச்சம் ஊடுருவிப் பின்னாடி போயிடும், பின்னால கறுப்புப் போர்வை கட்டணும். நாலு மூலையும் இழுத்துக் கட்டலன்னா காத்துல அலை அடிக்கும். புரோமிதியஸ் இருட்டுப் படம், பாதி குகைக்குள்ள. ஏழரைக்கு முன்னாடி போட்டா ஒண்ணும் தெரியாது.

பெரியப்பா: எந்த வேட்டி

தினேஷ்: கல்யாண வேட்டி பெரியப்பா

பெரியப்பா: தர மாட்டேன்

செல்வா அண்ணன்: ஃபோன்லேருந்து போடலாம்னு தினேஷ் சொல்வான். வேணா. ஆப்புல ஓட்டினா சில சமயம் சத்தம் மட்டும் வரும், படம் கறுப்பாயிடும், அதுல பூட்டு வச்சிருக்காங்க. டிஸ்க்தான். ஸ்பீக்கருக்கு ப்ளூடூத் வேணா, வாய் அசைஞ்ச பிறகுதான் வார்த்தை வரும். வயர் போட்டுடணும். எக்ஸ்டென்ஷன் சுருள முழுக்கப் பிரிச்சு விடுங்க, சுத்தி வச்சா சூடேறும்.

செல்வா அண்ணன்: ரொம்ப முக்கியம். அந்த ஒரு பாயிண்ட் 13 ஆம்பியர், கிட்டத்தட்ட 3000 வாட். புரொஜெக்டர், ப்ளேயர், ஸ்பீக்கர் எல்லாம் சேந்து 400கூட வராது. ஆனா தண்ணி கெட்டில் 2200, இண்டக்ஷன் அடுப்பு 2000. ரெண்டையும் அதே வயர்ல மாட்டினா அளவு தாண்டிடும், ஃபியூஸ் போகலாம். அத்தை, தயவு செஞ்சு.

லெட்சுமி அத்தை: என்னையே சொல்றான்

கவிதா அக்கா: மழை பெஞ்சா ஈசல் வரும். புரொஜெக்டர் வெளிச்சத்துல ஒண்ணு உக்காந்தாலும் துணியில கழுகு மாதிரி தெரியும். கேட்டுக்கிட்ட ஒரு லைட்டப் போட்டுக் கீழ பேசின்ல தண்ணி வச்சிடுங்க. போர்ச் லைட் எல்லாம் அடைச்சிடணும். கொசுவத்திய லென்சுக்கு முன்னாடி வைக்காதீங்க, புகை படத்துல வரும்

தினேஷ்: புரோமிதியஸ்ல புகை வந்தா யாருக்கும் வித்தியாசம் தெரியாது

செல்வா அண்ணன்: ஏலியன் 117 நிமிஷம், புரோமிதியஸ் 124. எட்டுக்கு ஆரம்பிச்சா நடுவுல சாப்பாடு இல்லாம 12 மணி. அதனால ஏலியன் முதல்ல, சரியா?

கவிதா அக்கா: ஓட்டு போடலாம்

மணியம் சித்தப்பா: 12 மணியா?

லெட்சுமி அத்தை: இன்னும் தலை எண்ணிக்கை வரல

சனி, இரவு 11:36

தினேஷ்: வராதவங்களுக்காக: செல்வா அண்ணன் ஏலியன் பெட்டிய மட்டும் கொண்டாந்தாரு. உள்ள டிஸ்க் இல்ல

கவிதா அக்கா: அதனால முன்கதைதான் முதல்ல. விதி

செல்வா அண்ணன்: ஈப்போ வீட்டு ப்ளேயருக்குள்ளயே இருந்திருக்கும்

சரோ சித்தி: ஆபரேஷன் பெட்டி மூடற நேரத்துல கரண்ட் போச்சு

லெட்சுமி அத்தை: சாம்பார் ஆறிப் போயிடுச்சுன்னு சுட வச்சேன். கெட்டில போட்டது நான் இல்ல

சுமதி: ஃபியூஸ மாத்தினதும் அந்தக் காட்சிய முதல்லேருந்து போடச் சொன்னது நான்தான். அறுத்து எடுத்துட்டு ஒரு ஊசி போட்டுக்கிட்டு எப்படி இவ்ளோ ஓடறா? அது ஒண்ணுதான் நம்ப முடியல

கவிதா அக்கா: அத விட்டுடு. அந்த ரெண்டு நிமிஷம் யாரும் மூச்சு விடல, சித்தப்பாகூட

பெரியப்பா: அந்த பொம்மப் பையன் நல்லா நடிச்சான். தலமுடிக்குச் சாயம் போட்டுக்கிட்டு படம் பாக்கறான் பாரு

செல்வா அண்ணன்: அது மைக்கேல் ஃபாஸ்பெண்டர், அப்பா. அவன் பாக்கிற படம் லாரன்ஸ் ஆஃப் அரேபியா. படத்துலயே அவன் ஒருத்தனுக்குத்தான் தான் என்ன பண்றோம்னு தெரியும். குடிக்கிறதுல ஒரு சொட்டு கறுப்பு விடறதுக்கு முன்னாடிகூட எவ்ளோ தூரம் போவீங்கன்னு கேட்டுட்டுத்தான் விடறான். அவனுக்காகவே இந்தப் படத்த மூணாவது தடவையும் பாக்கலாம். இத நான் சொன்னேன்னு கவிதாகிட்ட சொல்லாதீங்க

கவிதா அக்கா: படிச்சிட்டேன்

மணியம் சித்தப்பா: அவ்ளோ பெரிய கப்பல் உருண்டு வருது. அந்தப் பொம்பள ஏன் நேராவே ஓடுது? பக்கத்துல ஒதுங்கினா ஆச்சு.

பெரியப்பா: அதேதான்

லெட்சுமி அத்தை: நானும் அதத்தான் சொன்னேன்

தினேஷ்: இந்தக் குடும்பம் ஒத்துப் போன ஒரே விஷயம்

சரோ சித்தி: அப்ப ஏலியன் எப்ப?

செல்வா அண்ணன்: அடுத்த சனிக்கிழமை. பைலட் யாருன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, சரி பரவால்ல

மணியம் சித்தப்பா: அடுத்த சனி இங்க முடியாது.

லெட்சுமி அத்தை: அப்ப அண்ணன் வீட்ல வைப்போம். அண்டாவும் அங்கதானே இருக்கு

பெரியப்பா: (குரல் செய்தி, 0:47)

தினேஷ்: பெரியப்பா, அண்டான்னு மட்டும் கேட்டுச்சு. இருக்கா இல்லயா?