கலிபோர்னியாவில் மாநிலம் சுமத்தும் பணிகளின் செலவு: அரசியலமைப்பு உறுதியளித்த பணம் ஏன் வந்து சேருவதில்லை?

கேள்வி: ஆலோசனைக்குழு உறுப்பினர்

வணக்கம். கலிபோர்னியாவில் நான் வசிக்கும் சிறு நகரத்தின் வரவுசெலவு ஆலோசனைக் குழுவில் அண்மையில் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறேன். என் தொழில் பொறியியல். அரசு நிதி எனக்குப் புதிது. ஆகவே கேள்விகள் அடிப்படையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழுவுக்குத் தரப்பட்ட ஆவணங்களில் ‘எஸ்.பி. 90 கோரிக்கைகள்’ என்று ஒரு வரி இருக்கிறது. மாநில அரசு சட்டம் இயற்றி நகரத்தின் தலையில் கட்டும் பணிகளுக்கு மாநிலமே பணம் தர வேண்டும் என்றும், அதைக் கேட்டு நகரம் ஆண்டுதோறும் விண்ணப்பிக்கிறது என்றும் நிதி அலுவலர் விளக்கினார். ஆனால் வழிதவறிய நாய்களையும் பூனைகளையும் காப்பகத்தில் கூடுதல் நாள்கள் வைத்திருக்கும் செலவைப் பற்றிக் கேட்டபோது, அதற்கு எதுவும் வராது, அந்தக் ‘கட்டளை’யை, அதாவது சட்டத்தின் மூலம் சுமத்திய அந்தப் பணியை, மாநிலம் பல ஆண்டுகளாக நிறுத்திவைத்திருக்கிறது என்றார். மாநில அரசியலமைப்பே ‘தர வேண்டும்’ என்று சொல்லும்போது சட்டமன்றம் அதை எப்படி நிறுத்திவைக்க முடியும்? நிறுத்திவைத்த பிறகும் நாங்கள் ஏன் அந்தச் செலவைச் செய்துகொண்டிருக்கிறோம்? கேட்டுவைத்த மற்றத் தொகைகளையாவது வருமானமாக நம்பித் திட்டமிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: முன்னாள் கணக்கர்

ஒரு கவுன்ட்டியின் (மாநிலத்துக்கு அடுத்த நிலையிலுள்ள உள்ளாட்சி) நிதிப் பிரிவில் இந்தக் கோரிக்கைகளைத் தயாரிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில், முதலில் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் மற்றவை எளிதில் விளங்கும்.

1972ஆம் ஆண்டின் சொத்துவரி நிவாரணச் சட்டம்தான் எஸ்.பி. 90 (செனட் மசோதா 90). உள்ளாட்சிகள் சொத்துவரி வீதத்தை உயர்த்துவதற்கு அது வரம்பு கட்டியது. வரியை உயர்த்தும் வழியை அடைத்துவிட்டுப் புதிய பணிகளை மட்டும் சுமத்திக்கொண்டே போவது நியாயமாகாது என்பதால், அத்தகைய பணிகளின் செலவை மாநிலம் ஈடுசெய்யும் என்றும் அச்சட்டம் கூறியது. பிறகு 1978இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு சொத்துவரியை மதிப்பீட்டுத் தொகையில் 1 விழுக்காட்டுக்குள் அடக்கியது. அதற்கு அடுத்த ஆண்டு நவம்பரில் நிறைவேறிய 4ஆம் முன்மொழிவு, அதுவரை வெறும் சட்டமாக இருந்த ஈட்டுக் கடமையை அரசியலமைப்பிலேயே, 13-பி கூறின் 6ஆம் பிரிவாக, எழுதிவைத்தது. சட்டமன்றமோ மாநில அமைப்பு எதுவுமோ ஓர் உள்ளாட்சியின் மீது புதிய திட்டத்தையோ உயர்ந்த அளவிலான சேவையையோ சுமத்தினால், அதற்கான செலவை மாநிலம் தர வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆனால் உரிமை இருப்பதும் காசோலை வருவதும் வேறு வேறு. ஒரு சட்டம் செலவை உண்டாக்குகிறது என்று தோன்றினால், பாதிக்கப்பட்ட நகரமோ கவுன்ட்டியோ பள்ளி மாவட்டமோ ‘டெஸ்ட் கிளெய்ம்’ எனப்படும் முன்னோடிக் கோரிக்கையை மாநிலக் கட்டளைகள் ஆணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தோ, அதனால் கூடுதல் செலவு முதன்முதலில் ஏற்பட்ட நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து 12 மாதங்களுக்குள் இதைச் செய்தாக வேண்டும். ஓர் உள்ளாட்சி தொடுக்கும் கோரிக்கையின் முடிவு மாநிலம் முழுவதற்கும் பொருந்தும். ஏழு உறுப்பினர்களைக் கொண்ட அந்த ஆணையம் 1985 முதல் செயல்படுகிறது. மாநிலக் கன்ட்ரோலர் (மாநிலத்தின் தலைமைக் கணக்கு, தணிக்கை அதிகாரி), மாநிலக் கருவூலர், நிதித்துறை இயக்குநர் ஆகியோர் பதவிவழி உறுப்பினர்கள். பணம் கொடுக்க வேண்டிய தரப்பின் அதிகாரிகளே தீர்ப்புச் சொல்லும் இடத்திலும் அமர்ந்திருப்பது எனக்கு எப்போதும் சற்று உறுத்தலாகவே இருந்திருக்கிறது. உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் அதில் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

ஆணையம் கோரிக்கையை ஏற்றுக்கொண்டால், எந்தெந்த வேலைக்கு ஈடு கிடைக்கும் என்ற நெறிமுறைகளை வகுக்கும்; மாநில அளவில் எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிடும்; கன்ட்ரோலர் கோரிக்கைப் படிவங்களுக்கான அறிவுறுத்தல்களை வெளியிடுவார்; அதற்குப் பிறகுதான் உங்கள் நகரம் தன் செலவைக் கேட்க முடியும். தொடக்கத்திலிருந்து மதிப்பீடு வரையிலான பயணம் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கிறது என்று சட்டமன்றத்துக்கு நிதி ஆலோசனை தரும் சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் 2007இல் சுட்டிக்காட்டியது. அந்தக் காலம் முழுவதும் வேலையை நிறுத்த முடியாது. சட்டம் நடைமுறையில் இருப்பதால் நகரம் தன் கைப்பணத்தில் அதைச் செய்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

பதில் 2: சட்டம் படிப்பவள்

கணக்கர் ஐயா சொன்னதற்குப் பிறகு, ‘தர வேண்டும்’ என்ற சொல்லுக்குள் எத்தனை விலக்குகள் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்ட உள்ளாட்சியே கேட்டுப் பெற்ற சட்டம், புதிய குற்றத்தை உருவாக்கும் சட்டம், 1975 ஜனவரி 1க்கு முன் இயற்றப்பட்ட சட்டம் ஆகியவற்றுக்கு ஈடு கட்டாயமில்லை என்று 6ஆம் பிரிவே கூறுகிறது. கூட்டாட்சி அரசு விதித்த கடமைக்கும், கட்டணம் வசூலித்துச் செலவை ஈடுகட்டிக்கொள்ளும் அதிகாரம் உள்ளாட்சிக்கு இருக்கும் இடத்திலும் ஈடு இல்லை என்று அரசாங்கச் சட்டத்தொகுப்பு கூறுகிறது.

நீதிமன்றங்களும் எல்லைகளை வரைந்திருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டி தொடுத்த வழக்கில் 1987இல் மாநில உச்ச நீதிமன்றம், தொழிலாளர் இழப்பீடு போன்று தனியார் முதலாளிகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் ஒரேபோலப் பொருந்தும் சட்டத்தால் வரும் செலவு இந்தப் பிரிவுக்குள் வராது என்று தீர்த்தது. பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் அரசுப் பணியாகவோ, உள்ளாட்சிகளுக்கென்றே விதிக்கப்பட்ட தனிக் கடமையாகவோ இருந்தால்தான் அது ‘திட்டம்’ ஆகும். 2003இல் கெர்ன் உயர்நிலைப்பள்ளி மாவட்ட வழக்கில், விரும்பிச் சேர்ந்த திட்டத்தின் துணைக் கடமைகளுக்கு ஈடு கேட்க முடியாது என்றது. மறுபுறம், வறிய பெரியவர்களின் மருத்துவச் செலவை மாநிலம் தன் திட்டத்திலிருந்து விலக்கிக் கவுன்ட்டிகளிடம் தள்ளிவிட்டதை 1997இல் சான் டியேகோ கவுன்ட்டி வழக்கில் அதே நீதிமன்றம் ஈடுசெய்யத்தக்க சுமையாகக் கருதியது. புதிய வேலையைக் கொடுத்தால்தான் சுமை என்பதில்லை. பழைய செலவை இடம் மாற்றினாலும் சுமைதான் என்பது இந்த வரிசையில் எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது.

இனி உங்கள் முதன்மைக் கேள்வி. நிறுத்திவைக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றம் தானாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவும் அரசியலமைப்பில்தான் இருக்கிறது. ஈட்டுத் தொகையைத் தராமல் மாநிலம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்ததைத் தடுக்க, 2004 நவம்பரில் வாக்காளர்கள் 1ஏ முன்மொழிவை ஏற்றார்கள். அதன்படி, நகரங்கள், கவுன்ட்டிகள், சிறப்பு மாவட்டங்கள் (குடிநீர், தீயணைப்பு போன்ற குறிப்பிட்ட பணிக்கான உள்ளாட்சிகள்) ஆகியவற்றுக்குத் தர வேண்டிய தொகை உறுதியான பிறகு, ஒவ்வொரு வரவுசெலவிலும் சட்டமன்றம் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: ஒன்று முழுத் தொகையையும் ஒதுக்க வேண்டும், அல்லது அந்த ஆண்டுக்கு அந்தக் கட்டளையை நிறுத்திவைக்க வேண்டும். பள்ளி மாவட்டங்களுக்கும், ஊழியர்களின் உரிமைகளைப் பற்றிய கட்டளைகளுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தாது. உள்ளாட்சிகளைக் காக்க வந்த திருத்தமே, பணம் இல்லாத ஆண்டுகளில் மாநிலத்துக்கு முறையான வெளியேறும் வழியாகவும் அமைந்துவிட்டது.

ஆலோசனைக்குழு உறுப்பினர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் நிறுத்திவைக்கப்பட்ட ஆண்டில் காப்பகம் பழைய முறைக்கே திரும்பிவிடலாம் என்று பொருள் கொள்ளலாமா? எங்கள் அலுவலர்கள் அப்படி எந்த முன்மொழிவையும் குழுவின் முன் வைக்கவில்லை.

பதில் 3: முன்னாள் கணக்கர்

சட்டப்படி திரும்பலாம், நடைமுறையில் திரும்புவது கடினம். 1998ஆம் ஆண்டின் சட்டம், பிடிபட்ட விலங்கைக் காப்பகம் வைத்திருக்க வேண்டிய காலத்தை 72 மணி நேரத்திலிருந்து நான்கு முதல் ஆறு வேலை நாள்கள் வரை நீட்டியது. வளர்ப்பதற்கு ஏற்ற விலங்கு எதுவும் கொல்லப்படக் கூடாது என்பது அதன் நோக்கம். 2009ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் இந்தக் கட்டளை நிறுத்திவைக்கப்பட்டது. நிறுத்திவைப்பு என்பது சட்டத்தை நீக்குவதன்று. அந்த ஆண்டுக்கு அது உள்ளாட்சியின் விருப்பத்துக்கு விடப்படுகிறது, அவ்வளவுதான். ஆனால் இத்தனை ஆண்டுகள் நீண்ட காலம் வைத்திருந்த காப்பகம், இனி மூன்றே நாளில் முடித்துவிடுவோம் என்று அறிவித்தால் அடுத்த நகரமன்றக் கூட்டத்தில் இருக்கைகள் போதா. எனவே கட்டளை விருப்பமாக மாறியும் செலவு மாறாமல் நிற்கிறது. மாநிலம் இதை நன்றாக அறிந்தே நிறுத்திவைக்கிறது என்பது என் கருத்து, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஒரு சிறு வழி உண்டு. நிறுத்திவைக்கப்பட்ட பணியை உள்ளாட்சி தானாகத் தொடர்ந்தால், அதனால் பயனடைவோரிடம் உண்மைச் செலவுக்கு மிகாத கட்டணம் வசூலிக்க அரசாங்கச் சட்டத்தொகுப்பு இடமளிக்கிறது. விலங்கைத் தேடி வரும் உரிமையாளரிடம் இது ஓரளவு பலிக்கும். உரிமையாளரே வராத விலங்குக்கு யாரிடம் கேட்பது?

இதே போன்ற இன்னொரு கதை, கூட்ட நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரத்துக்கு முன் ஒட்ட வேண்டும் என்ற விதி; உள்ளாட்சிக் கூட்டங்கள் பொதுமக்கள் அறிய நடக்க வேண்டும் என்று கூறும் பிரவுன் சட்டத்தில் அது இருக்கிறது. அதற்கும் ஈடு கிடைத்துவந்தது, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு 2014 ஜூனில் நிறைவேறிய 42ஆம் முன்மொழிவு, அந்தக் கடமையை அரசியலமைப்பிலேயே சேர்த்து, ஈடு தரும் பொறுப்பிலிருந்து மாநிலத்தை விடுவித்துவிட்டது. இப்போது கடமை நிரந்தரம். பணம் மட்டும் இனி நிரந்தரமாகவே கிடையாது.

பதில் 4: தலைநகர்வாசி

மாநிலத்தின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். செலவானதை அப்படியே திருப்பித் தரும் முறையில், சிக்கனமாகச் செய்தவருக்கும் தாராளமாகச் செய்தவருக்கும் வேறுபாடு இல்லை. ஒரே வேலைக்கு இரண்டு உள்ளாட்சிகள் கேட்கும் தொகைகள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் இருக்கும். சட்டம் இயற்றும்போது யாருக்கும் தெரியாத செலவு, பல ஆண்டுகள் கழித்து, பல ஆண்டுகளின் பாக்கியோடு சேர்ந்து வரவுசெலவில் வந்து நிற்கும். அந்தச் சட்டத்துக்கு வாக்களித்த உறுப்பினர்கள் அதற்குள் பதவியிலேயே இருக்க மாட்டார்கள்.

பள்ளிகளுக்கு 2012-13 முதல் மாற்று வழி இருக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியாகக் கணக்கெழுதிக் கோருவதற்குப் பதிலாக, மாணவர் வருகையின் அடிப்படையில் ஒரு மொத்த மானியத்தைப் பெற்றுக்கொள்ளலாம். முதலாண்டில் பள்ளி மாவட்டங்களுக்கு அது மாணவருக்கு 28 டாலர். தொகை குறைவு என்ற குறை இருந்தாலும், தொகை முன்கூட்டியே தெரியும், படிவ வேலையும் பெரும்பாலும் இல்லை. இதற்கு முன், பள்ளிகளின் பெரும்பாலான கட்டளைகளுக்கு ஆயிரம் டாலர் மட்டும் பெயரளவில் ஒதுக்கி மீதியைத் தள்ளிப்போடும் வழக்கத்தை, பள்ளிக் குழுக்களின் சங்கம் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறியிருந்தது. நகரங்களுக்கும் இத்தகைய மானியம் வந்தால் இரு தரப்புக்கும் நல்லது என்று நினைக்கிறேன்.

பதில் 5: முன்னாள் கணக்கர்

மானியத்தைப் பற்றிய கருத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் மானியம் ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் மனத்தைப் பொறுத்தது, ஈடு அரசியலமைப்பு தந்த உரிமை என்ற வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

கடைசியாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு வருகிறேன். கோரிக்கை அனுப்பிய தொகையை வருமானமாக வைத்து ஊழியர்களை நியமிப்பதோ தொடர்செலவுகளுக்கு ஒப்புக்கொள்வதோ வேண்டாம். பொதுநிதிக் கணக்கில், நடப்புச் செலவுக்குப் பயன்படும் காலத்துக்குள் கைக்கு வராத தொகையை வருவாயாகக் காட்டக் கூடாது. வந்த பிறகு ஒருமுறைச் செலவுக்கு வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. வந்த பணமும் உடனே முழுமையாக உங்களுடையதாகிவிடாது. கன்ட்ரோலர் தணிக்கை செய்து குறைக்கலாம், திருப்பிக் கேட்கலாம். அப்படிக் குறைத்தது தவறு என்று கருதினால் ஆணையத்திடம் முறையிட வழி உண்டு.

அதற்காகக் கோரிக்கை அனுப்பாமல் விட்டுவிடவும் கூடாது. ஆண்டுக் கோரிக்கைக்கு பிப்ரவரி 15 கெடு. தாமதமானால் 10 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள், ஓராண்டுக்கு மேல் தாமதமானால் எதுவும் கிடைக்காது. ஒரு கோரிக்கை 1,000 டாலருக்குக் குறைவாக இருந்தால் ஏற்கப்படாது என்பதால், சிறு நகரங்கள் பல கட்டளைகளை அப்படியே கைவிட வேண்டியிருக்கும். உங்கள் குழு நிதி அலுவலரிடம் கேட்க வேண்டியது, எந்தக் கட்டளைகளுக்கு நெறிமுறைகள் நடைமுறையில் இருக்கின்றன, அவற்றில் எவற்றுக்கு நகரம் கோரிக்கை அனுப்பவில்லை, ஏன் என்பது. பெரும்பாலும் வரும் விடை, அந்த வேலையில் யார் எத்தனை மணி நேரம் செலவிட்டார்கள் என்ற பதிவு இல்லை என்பதாகத்தான் இருக்கும். பணி நடந்த நேரத்திலேயே எழுதிய ஆவணம் வேண்டும் என்று கன்ட்ரோலர் தாமாக வகுத்துக்கொண்ட விதியை, க்ளோவிஸ் பள்ளி மாவட்டம் தொடுத்த வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு பழைய கோரிக்கைகளுக்கு உதவியது. பின்னர் வந்த நெறிமுறைகள் பலவற்றில் அதே நிபந்தனை முறைப்படி எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே நேரப் பதிவேட்டை இந்த நிதியாண்டிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.