ஜன்னல் மாற்றக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், தூக்கம் வரவில்லை

மதுரைக்காரி:
கனடாவில், டொரொண்டோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கி மூன்று மாதம் ஆகிறது. காலையில் எழுந்தால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிகிறது, கீழ்ச்சட்டத்தில் விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி. ஈரம் துடைக்க வைத்த துண்டு சட்டத்தோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. நேற்றுக் கதவைத் தட்டிய விற்பனையாளர், ஏழு ஜன்னலையும் மாற்றினால் எரிவாயுக் கட்டணம் பாதியாகும் என்றார். கையெழுத்துப் போட்டு முன்பணமும் கொடுத்துவிட்டேன். மூன்று அடுக்குக் கண்ணாடிதானே நல்லது?

பழைய குளிர்:
தங்கச்சி, நாங்கள் வந்த புதிதில் பேஸ்மென்டில் ஐந்து பேர். யன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி இறுக்கினோம். இரவு வேலை முடிந்து வந்தால் அந்தத் தாள் மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கும். நீங்கள் வந்தவுடன் வீடே வாங்கிவிட்டீர்கள்!

பிராம்ப்டன் அண்ணன்:
மூன்று அடுக்குதான். யோசிக்கவே வேண்டாம்.

ஈட்டோபிகோ:
வீண் செலவு. வெப்பத்தை உள்ளேயே திருப்பும் லோ-ஈ பூச்சும், அடுக்குகளுக்கு இடையில் ஆர்கன் வாயுவும் உள்ள நல்ல இரண்டு அடுக்கே போதும். ஆற்றல் சிக்கனத்துக்கான எனர்ஜி ஸ்டார் சான்று இருக்கிறதா என்று பாருங்கள்: யூ மதிப்பு (வெப்பம் வெளியேறும் அளவு) 1.22க்கு மிகாமல், அல்லது ஈஆர் மதிப்பு (ஆற்றல் சிக்கன மதிப்பெண்) குறைந்தது 34.

பிராம்ப்டன் அண்ணன்:
என் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பழைய குளிர்:
எதைப் போட்டாலும் கட்டணம் ஏறத்தான் செய்கிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டு. சொத்துவரி வேறு.

தணிகை அக்கா:
சண்டையை நிறுத்துங்கள். அம்மா, தண்ணீர் அறைப்பக்கமா, இரண்டு கண்ணாடிக்கும் நடுவிலா? தனி வீடா, நிர்வாகத்துக்கு மாதக் கட்டணம் கட்டும் டவுன்ஹவுஸா (வரிசை வீடா)?

மதுரைக்காரி:
அறைப்பக்கம். டவுன்ஹவுஸ், மாதக் கட்டணம் உண்டு. சொல்ல மறந்துவிட்டேன், துணியெல்லாம் உள்ளேதான் உலர்த்துகிறேன்.

தணிகை அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! காண்டோ, அதாவது பொது நிர்வாகத்தின் கீழ் உள்ள வீடு என்றால் ஜன்னல் பெரும்பாலும் நிர்வாகத்தின் பொதுச்சொத்து. உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. எது உங்களுடையது, எது பொது என்று சொல்லும் டிக்ளரேஷன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கையில் கிடைத்த பத்து நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்ய ஒன்டாரியோ சட்டம் இடம் தருகிறது. தொலைபேசியில் சொல்லாதீர்கள், இன்றே எழுதி அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் தண்ணீர் என்றால் அவற்றின் ஓரத்தை மூடும் அடைப்பு போய்விட்டது என்று பொருள். அப்போதும் ஜன்னல் சட்டத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். உங்களுடையது வீட்டு ஈரம். காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானி வாங்குங்கள், கடுங்குளிரில் 30 முதல் 40 சதவீதத்துக்குள் நிற்கட்டும். சமைக்கும்போது புகைவிசிறியை ஓட்டுங்கள். பகலில் திரையை விலக்குங்கள், சூடான காற்று கண்ணாடியில் படவேண்டும்.

மதுரைக்காரி:
ரத்துக் கடிதம் அனுப்பிவிட்டேன் அக்கா. ஈரமானி 57 காட்டுகிறது.

தணிகை அக்கா:
57ஆ! முதலில் அந்தத் துணிக்கொடியை அவிழுங்கள்.