கூடத்தின் ஒலியை அனுப்பி வையுங்கள்

குழு: மேலத்தெரு வீடு

சனிக்கிழமை

காலை 9:10
செந்தில்: அப்பாயியின் தாலாட்டைக் கவிதா அக்கா பாடி அனுப்பினாள். மிக்ஸ் செய்துவிட்டேன். அப்பாயிக்குப் போட்டுக் காட்டும் முன் எல்லோரும் ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள்.
[ஒலிக்கோப்பு 4:05]

9:21
ரவி மாமா: பிரமாதம் 👏👏 எதிரொலியை இன்னும் கொஞ்சம் கூட்டு, மாப்பிள்ளை.

9:23
அத்தை: கூட்டுவதா? கவிதா என்ன பாடுகிறாள் என்றே புரியவில்லை. பாட்டைக் கட்டியவர் எங்கள் அம்மா, எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். அப்படியும் இரண்டாவது அடியில் தொலைந்துபோனேன்.

9:24
ரவி மாமா: உன் காதைக் காட்ட வேண்டும்.

9:24
அத்தை: பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். காபி வேண்டுமானால் பார்த்துப் பேசுங்கள்.

9:30
கவிதா அக்கா: எனக்கும் ஏதோ ஒட்டவில்லை, செந்தில். தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட வேண்டிய பாட்டு. நான் தெருமுனையில் நின்று பாடுவதாகக் கேட்கிறது.

9:41
பெரியப்பா: முழக்கத்துக்கு என்ன ரிவெர்ப் போட்டிருக்கிறாய்? ஸ்கிரீன்ஷாட் அனுப்பு.

9:44
செந்தில்: [படம்]
டிராகன்ஃப்ளை ஹால், பெரியப்பா. ஒலி மென்பொருளில் செருகிக்கொள்ளும் இலவச ப்ளக்-இன். தேவாலயம் போல முழங்கும் பெரிய அமைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். டீகே (முழக்கம் தேயும் நேரம்) 4 வினாடி, ப்ரீ-டிலே (முழக்கம் தொடங்கும் முன் இடைவெளி) 0. குரல் டிராக்கின் மேலேயே போட்டிருக்கிறேன்.

9:58
பெரியப்பா: நான்கு வினாடி என்றால், ஓர் ஒலி 60 டெசிபல் தேய்ந்து போக நான்கு வினாடி ஆகும் என்று பொருள். கவிதா பாடுவது நீலாம்பரி. ராகம் நிதானமானதுதான், ஆனால் சுரங்களை அசைக்கும் கமகம் நிற்பதில்லை. மத்தியமம் இன்னும் தேயாமல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே காந்தாரம் வந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அசைவு எங்கே தெரியும்? தேவாலயத்தில் பாடும் சேர்ந்திசை தேயும் முழக்கத்தின் அந்த நீண்ட வாலை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. சுரங்கள் ஒன்றோடொன்று இசைந்து கரையும்படி மெதுவாக நகரும். நம்முடையது அப்படி எழுதப்படவில்லை.

10:01
பெரியப்பா: இன்னொன்று. தம்புராவையும் அதே ரிவெர்புக்கு அனுப்பியிருக்கிறாயா?

10:02
செந்தில்: ஆமாம்.

10:02
பெரியப்பா: நிறுத்து. இடைவெளிகளை ஏற்கெனவே நிரப்பிக்கொண்டிருப்பது தம்புராதான். அதற்கு வால் எதற்கு?

10:10
ரவி மாமா: வானொலி நிலையத்தில் முப்பது வருடம் குமிழ் திருகியவர் சொல்கிறார், கேட்டுக்கொள். ஆனால் கொஞ்சம் எதிரொலி இருக்கட்டும்.

10:26
பெரியப்பா: எடுத்துவிடச் சொல்லவில்லையே. செந்தில், இப்படிச் செய். குரல் டிராக்கிலிருந்து ப்ளக்-இன்னைக் கழற்றித் தனி டிராக்கில் போடு. குரலிலிருந்து அதற்கு ஒரு சென்ட், அதாவது குரலின் நகலை அனுப்பும் வழி, கொடு. அங்கே டிரை அளவு, அதாவது ரிவெர்ப் சேராத குரல், முழுப் பூஜ்யம். இல்லாவிட்டால் அசல் குரல் இரண்டு வழியாக வந்து சேரும். சென்டை ஏற்றினால் ரிவெர்ப் கூடியதா, குரல்தான் கூடியதா என்று உன்னால் சொல்லவே முடியாது.

ரிவெர்புக்கு முன்னால், தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் வெட்ட ஓர் ஈக்யூ. கவிதாவின் சுருதி ஐந்து கட்டை, ஆதார சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அந்த அடிப்பகுதியைத் தம்புரா பார்த்துக்கொள்ளும். 250-க்குக் கீழே வெட்டு. மேலே 7,000-க்கு மேல் வெட்டு, 'ச', 'ஸ' எல்லாம் சீறாமல் இருக்கும். லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் 600-க்குக் கீழும் 10,000-க்கு மேலும் வெட்டித்தான் எக்கோ அறைக்கு அனுப்புவார்கள். ஒற்றைக் குரலுக்கு 600 கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம், மெலிந்துவிடும்.

10:29
பெரியப்பா: ப்ரீ-டிலே 30 மில்லி வினாடி. இதை மறக்காதே, பாதி வேலை இதில்தான் இருக்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 30 மில்லி வினாடியில் பத்து மீட்டர், அதாவது ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவர் வரை போய்த் திரும்பும் நேரம். எழுத்து முதலில் காதுக்கு வந்துவிடும், அறை பிறகு வரும். பாடுபவர் பக்கத்திலும் சுவர் தூரத்திலும் இருப்பதாகக் காது எடுத்துக்கொள்ளும். கவிதா கேட்டது அதுதானே? 80-ஐத் தாண்டாதே, பின்னால் யாரோ தனியாகப் பதில் சொல்வதாகிவிடும்.

10:40
கவிதா அக்கா: பெரியப்பா, இதை எல்லாம் ஒரு புத்தகமாக எழுதுங்களேன்.

10:41
பெரியப்பா: கண் தெரியவில்லை அம்மா. இதையே ஒரு விரலில்தான் அடிக்கிறேன்.

பகல் 12:15
செந்தில்: எல்லாம் செய்தேன். டீகே 1.8, ப்ரீ-டிலே 30, தம்புரா சென்ட் இல்லை. கேளுங்கள்.
[ஒலிக்கோப்பு 4:05]

12:31
அத்தை: இப்போது வரி பிரிகிறது. ஆனால் வேறு யார் வீட்டிலோ பாடுவதாக இருக்கிறது.

12:33
ரவி மாமா: சப்பென்று இருக்கிறது.

12:38
சித்தப்பா: நான் இப்போதுதான் பார்க்கிறேன். களத்திலிருந்து வந்தேன். அம்மா இதைப் பாடியது எல்லாம் நம் கூடத்தில்தானே? அங்கே கூப்பிட்டால் எப்படி முழங்கும்! அது இதில் இல்லை.

12:52
பெரியப்பா: சேகர், நல்லது சொன்னாய். பிரபு வீட்டில் இருக்கிறானா? பலூன் இருக்கிறதா?

12:53
சித்தப்பா: அவன் பிறந்தநாளுக்கு வாங்கியது மீதி இருக்கிறது. எதற்கு அண்ணா?

1:09
பெரியப்பா: கூடத்தில் உடைத்து ஒலிப்பதிவு செய்து அனுப்புங்கள். பலூன் உடையும் சத்தம் கண நேரம்தான். அதற்குப் பிறகு கேட்பது முழுவதும் கூடத்தின் பதில். அந்தப் பதிலை எடுத்துக் குரலின் ஒவ்வொரு துளியோடும் கணினி பெருக்கிக் கூட்டும். கன்வல்யூஷன் என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இது கனவு. அப்போது ரிவெர்ப் என்றால் ஸ்பீக்கரும் மைக்கும் வைத்த காலி அறை, இல்லாவிட்டால் 1957-இல் ஜெர்மனியில் வந்த ஈஎம்டி 140, ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட எஃகுத் தகடு. உடனுக்குடன் கன்வல்யூஷன் செய்யும் பெட்டியை சோனி 1999-இல்தான் கொண்டுவந்தது. இன்று செந்தில் வைத்திருக்கும் ரீப்பர் ஒலி மென்பொருளிலேயே ரியாவெர்ப் என்று ஒன்று கூடவே வருகிறது.

1:12
பிரபு: நான் ரெடி பெரியப்பா 🎈🎈

1:15
செந்தில்: பிரபு, கவனி. போனின் வாய்ஸ் ரெக்கார்டரில், நசுக்காத வேவ் கோப்பாகப் பதிவு செய். இரைச்சல் நீக்கம், தானியங்கி அளவு இரண்டையும் அணைத்துவிடு. அணைக்காவிட்டால் சத்தம் தேயத் தேயப் போனே அதைத் தூக்கிவிடும், நமக்குப் பொய்யான வால் கிடைக்கும். அம்மிக்கல் பக்கம் நீ நில், போன் ஊஞ்சல் பலகையில். இடையே மூன்று நான்கு மீட்டர் இருக்கட்டும், நெருங்கினால் மைக்கில் ஒலி கிழிந்துவிடும். உடைத்த பிறகு ஐந்து வினாடி யாரும் அசையக் கூடாது. மின்விசிறி அணைந்திருக்க வேண்டும். ஊஞ்சல் ஆடக் கூடாது.

1:17
சித்தி: அப்பாயி தூங்குகிறார்கள். நாலு மணிக்கு மேல் உடையுங்கள்.

மாலை 4:22
பிரபு: [வாய்ஸ் நோட் 0:09]
[வாய்ஸ் நோட் 0:08]

4:25
செந்தில்: இதுவா? வாய்ஸ் நோட்டாக அனுப்பினால் வாட்ஸ்அப் நசுக்கிவிடும், தம்பி. கோப்பை டாக்குமென்டாக இணைத்து அனுப்பு. இரண்டாவதில் காகம் கத்துகிறது.

4:26
பிரபு: காகத்தை என்ன செய்ய?

4:31
பிரபு: [டாக்குமென்ட்: கூடம்_1]
[டாக்குமென்ட்: கூடம்_2]
[டாக்குமென்ட்: கூடம்_அப்பாயி_திட்டுவது]

4:33
சித்தி: "தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறதே" என்கிறார்கள் அப்பாயி. எதற்கென்று சொல்லவில்லை. ஞாயிறு மாலை தெரிந்துகொள்ளட்டும்.

இரவு 8:47
செந்தில்: பெரியப்பா, ஒரு சந்தேகம். அளந்து பார்த்தால் கூடத்தின் டீகே 1.2 வினாடிதான் வருகிறது. தெருவில் ஏதோ வண்டி ஓடும் இரைச்சல் இருப்பதால் 60 டெசிபல் முழுவதும் கிடைக்கவில்லை. முதல் 5 டெசிபலை விட்டு, அடுத்த 30 டெசிபல் தேயும் நேரத்தை எடுத்து இரண்டால் பெருக்கினேன். சரிதானே? அவ்வளவு பெரிய கூடம், சுண்ணாம்புச் சுவர், சிவப்புத் தரை. மூன்று வினாடியாவது எதிர்பார்த்தேன்.

8:50
சித்தப்பா: போன் சரியில்லை. அந்தக் கூடம் முழங்கும். நான் அங்கேயே பிறந்தவன்.

9:20
பெரியப்பா: அளவு சரி, பெருக்கியதும் சரி. நீங்கள் இருவரும் முற்றத்தை மறந்துவிட்டீர்கள். அண்ணாந்து பாருங்கள், கூரை எங்கே இருக்கிறது? வானத்துக்குப் போன ஒலி திரும்பி வராது.

1895-இல் ஹார்வர்டில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அறையில் யார் பேசினாலும் புரியவில்லை. காலியாக இருந்தால் ஐந்தரை வினாடி முழக்கம். வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு இரவாகச் சுமந்து வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயும் கடிகாரமுமாக உட்கார்ந்து, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்று குறித்தார். உறிஞ்சும் திறனை அளக்க அவர் வைத்துக்கொண்ட அலகு திறந்த ஜன்னல். ஒரு சதுர அளவு திறந்த ஜன்னல் தன்மேல் விழும் ஒலி முழுவதையும் விழுங்கும், அதுவே ஒன்று. நம் முற்றம் என்பது படுக்கவைத்த ஜன்னல்தான்.

9:27
பெரியப்பா: கணக்கும் போட்டேன், தோராயம்தான். கூடமும் தாழ்வாரமும் சேர்ந்து சுமார் 200 கன மீட்டர். முற்றத்துத் திறப்பு 4க்கு 4, ஆக 16 சதுர மீட்டர் ஜன்னல். சுவர், தரை, மரச் சாமான், கதவு எல்லாம் சேர்த்து ஒரு 9. மொத்தம் 25. சபைன் சூத்திரப்படி 0.161 × 200 ÷ 25 = 1.3 வினாடி. பிரபுவின் பலூன் 1.2 சொல்கிறது. முற்றத்தை மூடிவிட்டால் 9 மட்டும் மிஞ்சும், மூன்றரை வினாடி தாண்டிவிடும். யாரும் மூடிவிடாதீர்கள்.

9:31
சித்தப்பா: போன வருடம் மழைக்குத் தகரம் போடலாம் என்றேனே, அப்போது அம்மா விடவில்லை.

9:33
அத்தை: அப்படியானால் முழங்கியது எது?

9:40
பெரியப்பா: நேரம் குறைவு, ஆனால் முதல் சில எதிரொலிகள் பலமானவை. நான்கு பக்கமும் கெட்டியான சுவர், தரை வேறு. அவை 50 மில்லி வினாடிக்குள் வந்து குரலோடு சேர்ந்துவிடும், குரல் பெரிதாகக் கேட்கும். பிறகு மிச்சம் வானத்தில் போய்விடும், வார்த்தை கலங்காது. கண்ணை மூடிக்கொண்டு டீகே குமிழைத் திருப்புகிறவர்களுக்கு இது கிடைப்பதே இல்லை. டிராகன்ஃப்ளையிலும் எர்லி (முதல் எதிரொலிகள்), லேட் (பிறகு வரும் வால்) என்று இரண்டு அளவு தனித்தனியாக இருக்கிறது, பார்த்திருப்பாய். எர்லியை ஏற்றி லேட்டை இறக்கினால் ஓரளவு இதே குணம் வரும். ஆனால் நம் கூடமே கையில் இருக்கும்போது அது எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை

காலை 10:05
செந்தில்: கூடம்_1 கோப்பை ரியாவெர்பில் ஏற்றிவிட்டேன். பலூன் உடையும் முதல் சத்தத்தை வெட்டினேன், இல்லாவிட்டால் குரல் இரட்டையாகக் கேட்டது. வாலில் தெரு இரைச்சல் தொடங்கும் இடத்துக்கு முன்பே மெல்ல மறையும்படி செய்தேன். அடிக்குரல் பக்கம் கொஞ்சம் ஒல்லி. பலூனில் அடி ஒலி குறைவு என்பதால் இருக்கும். எப்படியும் 250-க்குக் கீழே வெட்டுவதால் பாதகமில்லை.
[ஒலிக்கோப்பு 4:05]

10:19
சித்தப்பா: இது நம் வீடு.

10:20
கவிதா அக்கா: ஆமாம்! சென்னையில் அலமாரித் துணிகளுக்கு நடுவே நின்று பாடியதை எங்கே கொண்டுபோய் வைத்துவிட்டாய்!

10:24
ரவி மாமா: எனக்கு எதிரொலியே கேட்கவில்லை.

10:25
அத்தை: எனக்கு நிறையக் கேட்கிறது.

10:27
செந்தில்: மாமா போன் ஸ்பீக்கரில், அத்தை இயர்போனில், சரியா? போனை மேசையில் வைத்தால் அறையின் சத்தமே ரிவெர்பை மூடிவிடும், இடவல அகலமும் போய்விடும். இயர்போனில் எல்லாம் காதுக்குள்ளேயே இருக்கும்.

10:38
பெரியப்பா: அப்பாயி எதில் கேட்கப் போகிறார்? அதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சேகர் வீட்டு புளூடூத் ஸ்பீக்கர் என்றால் சென்டை மெல்ல ஏற்று. ரிவெர்ப் காதில் பட்ட இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு டெசிபல் இறக்கு. ஒலியைக் குறைவாக வைத்துக்கொண்டு செய். சத்தமாக வைத்தால் எல்லா ரிவெர்பும் அழகாகத்தான் இருக்கும், அதில் ஏமாறாதவர் இல்லை.

10:44
பெரியப்பா: ரவிக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் 'ஆராரோ' வருகிறதே, அந்தக் கடைசி 'ரோ'வுக்கு மட்டும் சென்டை ஆட்டோமேஷனில், தானாகவே ஏறி இறங்கும்படி, ஆறு டெசிபல் தூக்கு. அடுத்து வார்த்தை இல்லை, கெடுவதற்கு ஒன்றுமில்லை. கூடம் அங்கே தாராளமாக முழங்கட்டும்.

10:45
ரவி மாமா: 🙏🙏 இதைத்தான் நான் நேற்றுக் காலையிலிருந்து சொல்கிறேன்.

பகல் 11:50
செந்தில்: முடிந்தது. வேவ் கோப்பை டாக்குமென்டாக அனுப்புகிறேன். சித்தப்பா, ஸ்பீக்கரில் ஈக்யூ எதுவும் போட வேண்டாம்.
[டாக்குமென்ட்: தாலாட்டு_இறுதி]

12:08
ரவி மாமா: அந்த 'ரோ' 👌👌👌

12:12
அத்தை: ஒவ்வொரு எழுத்தும் கேட்கிறது. கவிதா, மூன்றாவது அடியில் 'சித்தி கொடுத்த கிலுகிலுப்பை' என்று பாடியிருக்கிறாயே, அது 'அத்தை கொடுத்த'. அம்மா எனக்காகவே போட்ட வரி.

12:13
கவிதா அக்கா: நேற்று ஏன் அத்தை சொல்லவில்லை?

12:13
அத்தை: நேற்று எங்கே கேட்டது?

12:14
சித்தி: நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை 😂

12:15
கவிதா அக்கா: அந்த அடியை மட்டும் இப்போதே திரும்பப் பாடி அனுப்புகிறேன்.

12:16
செந்தில்: முழு அடியும் பாடு அக்கா, ஒரு சொல்லை மட்டும் ஒட்டினால் தெரிந்துவிடும். அதே அலமாரி, மைக்கிலிருந்து அதே ஒரு சாண் தூரம். ஐந்து மணிக்குள் வந்தால் போதும்.