மூன்று தடவை கரு கலைந்த பிறகு: மலையகப் பெண்கள் மூவர் பேசுகிறார்கள்

தலவாக்கலை:
மூன்றாவது கருவும் பத்தாவது வாரத்தில் கலைந்தபோது, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். மலை ஏறி இறங்கினாள், கொழுந்து சுமந்தாள், அதான் தங்கவில்லை. ஆனால் இரண்டாவது தடவை நான் மலைக்கே போகவில்லை, படுத்தேதான் கிடந்தேன். அப்போதும் கலைந்தது. அதை யாருமே கணக்கில் எடுக்கவில்லை, நானும்தான்.

கண்டியில் ஒரு டாக்டரம்மா என் கிளினிக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஆன்டிபாஸ்போலிப்பிட் என்று பெயர். பள்ளியில் பிறபொருளெதிரி என்று படித்தோமே, கிருமியோடு சண்டை போட வேண்டிய அது சிலருக்குத் தன் உடம்பையே எதிர்க்குமாம். நஞ்சுக்கொடி சரியாகப் பிடிக்காது, ரத்தமும் உறையும். ஒரு டெஸ்ட்டை வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள். ஏதாவது தொற்று வந்தாலும் கொஞ்ச நாளைக்கு இந்தப் பிறபொருளெதிரி ரத்தத்தில் தெரியும். அதனால் 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். பஸ் காசுக்கு யோசித்து அந்த இரண்டாவது டெஸ்ட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு இரண்டிலும் இருந்தது. அடுத்த முறை குறைந்த அளவு அஸ்பிரின், கூடவே ரத்தம் உறையாமலிருக்க தினமும் வயிற்றில் ஹெப்பரின் ஊசி. அந்த ஊசி மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகாது என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் தைரியம் வந்தது. விடிய ஐந்து மணிக்கு, தொப்புளை விட்டுத் தள்ளித் தோலைக் கிள்ளிப் பிடித்து நானே போட்டுக்கொள்வேன். வயிறெல்லாம் நாவற்பழம் நசுங்கின மாதிரி நீலம். 37ஆம் வாரத்தில் மகள் பிறந்தாள். மாமி அந்த நீலத்தைத் தடவிப் பார்த்து அழுதார்.

பண்டாரவளை:
அக்கா, எங்கள் கதை வேறு. என் ரத்தத்தில் ஒன்றுமில்லை. அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம் பார்த்தார்கள். என் கணவருக்கு 46ம் இருக்கிறது, ஆனால் இரண்டில் துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன. எதுவும் குறையாததால் அவருக்கு ஒரு நோயும் இல்லை. பிள்ளைக்குப் பாதியாகப் பிரிந்து போகும்போதுதான் ஒரு துண்டு கூடும், ஒன்று குறையும். இதற்கு மருந்தில்லை. ஆனால் சரியாகப் பிரிந்தும் போகலாம், மருந்தில்லாமலே நல்ல பிள்ளை பிறக்க வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். அன்றைக்கு இரவு அவரே சாப்பாட்டுக்கு நடுவில், "அம்மா, இது என் ரத்தத்துல இருக்கு. இனி அவள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் நான்கு வருஷம் காத்திருந்திருக்கிறேன்.

ஹட்டன்:
எங்களுக்கு எல்லா ரிப்போர்ட்டும் நோர்மல். காரணமே தெரியாதவர்கள்தான் ஏராளமாம். ஒரு தனியார் இடத்தில் கணவரின் வெள்ளையணுவை எனக்கு ஊசியாகப் போடலாம் என்றார்கள். சங்கிலியை அடகு வைக்கக் கிளம்பியும் விட்டோம். கிளினிக் டாக்டர்தான் தடுத்தார், அதனால் பலன் இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை என்று. மருந்தே இல்லாமல் அடிக்கடி வரச்சொல்லி ஸ்கேன் மட்டும் பார்க்கிறார்.

இப்போது ஒன்பதாவது வாரம். வெள்ளிக்கிழமை மறுபடி போகிறோம்.