அப்பா மாட்டிய காலண்டரும் 'இந்தக் கணமும்'

வேம்பு:
அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. சமையலறையில் அவர் மாட்டிய காலண்டர் இன்னும் அப்படியே தொங்குகிறது. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் தேதியைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போட்டு 'கேஸ்' என்று எழுதிவைப்பார். கடைசி வட்டம் ஆகஸ்ட் 11. நான் போகிற சத்சங்கத்தில் இதைச் சொன்னதற்கு, "நினைவுதான் பந்தம், முதலில் போய் அதைக் கிழித்துப் போடு" என்றார்கள். கை வரவில்லை. எல்லாம் ஒன்றே, தனியாக ஒரு 'நான்' கிடையாது என்கிற அத்வைதம் நிஜமாகவே இதைத்தான் சொல்கிறதா?

சும்மாஇரு:
சொன்ன விதம் தப்பு, விஷயம் சரி. அப்பா நினைப்பு எழும்போதெல்லாம் 'நான் அவர் மகள்' என்று ஒரு 'நான்' கூடவே எழுகிறது. அதற்குத் தினமும் தீனி போடுவது அந்தக் காலண்டர். இருப்பது இப்போது மட்டும்தான்.

கிரிவலப்பாதை:
அப்படியென்றால் அத்வைதம் சொன்ன ரமண மகரிஷியையே பார்ப்போம் சார். 1896ல் மதுரை வீட்டில், 'இப்போது சாகப்போகிறேன்' என்று தோன்றிய அந்த மரண அனுபவம் வந்து ஆறு வாரம் போல ஆனபிறகு திருவண்ணாமலைக்குக் கிளம்புகிறார். எழுதிவைத்த சீட்டு 'நான்' என்று ஆரம்பித்து நடுவிலேயே 'இது' என்று மாறிவிடுகிறது, கையெழுத்துப் போடும் இடத்தில் வெறும் கோடுதான். ஆனால் அதே சீட்டில் அண்ணனுக்கு 'உன் காலேஜ் சம்பளம் இன்னும் கட்டவில்லை, 2 ரூபாய் இதோடு இருக்கிறது' என்று கணக்கும் இருக்கிறது! பெயர் போய்விட்டது, ஞாபகம் போகவில்லை. 1948ல் ஆசிரமத்துப் பசு லட்சுமி இறந்தபோது வருஷம், திதி, நட்சத்திரம் எல்லாம் வைத்துப் பாட்டே எழுதினார். அதுவும் ஒருவிதத்தில் தேதிக்கு வட்டம் போட்டதுதானே?

பாம்பன்காற்று:
சத்சங்கத்தில் மாதச் சந்தா தேதியை மட்டும் யாரும் மறப்பதில்லை, கவனித்தீர்களா?

சும்மாஇரு:
பாம்பன், வேண்டாம். கிரிவலப்பாதை, அது ஞானியின் கதை. அவர் நினைப்பு வறுத்த விதை, பற்றாக முளைக்காது; நம்மிடம் இருப்பதெல்லாம் பச்சை விதை. அவருக்கு ஞாபகம் இருந்தது என்று சொல்லி நாம் பற்றை வளர்த்துக்கொள்ளக் கூடாது. 1898ல் அம்மா வந்து 'வீட்டுக்கு வா' என்று அழுதபோது என்ன எழுதிக் கொடுத்தார்? 'மௌனமாய் இருக்கை நன்று.' அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கிரிவலப்பாதை:
விடவில்லை. அதே அம்மா 1916ல் வந்து கூடவே தங்கிவிட்டார், போகச் சொல்லவில்லையே. 1922ல் அம்மா உயிர் பிரியும்வரை அவர் நெஞ்சில் ஒரு கை, தலையில் ஒரு கை வைத்தபடி ரமணர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்புறம், நினைப்பு வந்தால் 'இது யாருக்கு வருகிறது' என்று பார்க்கச் சொன்னாரே ஒழிய, நினைப்பே வராதபடி சுவரைக் காலி பண்ணச் சொல்லவில்லை. கிழித்துப் போட்டால் 'நான் பற்றை விட்டவள்' என்று இன்னொரு 'நான்' வந்து உட்காரும், அது பழைய 'நானை'விடப் பொல்லாதது.

சும்மாஇரு:
சரி, கிழி என்றது மடத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேம்பு, உங்களிடம் ஒன்று கேட்கணும். அந்த வட்டத்தைப் பார்க்கும்போது உண்மையில் என்ன வருகிறது? அப்பாவா?

வேம்பு:
இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். அப்பா வருவதில்லை. அன்றைக்கு அவர் சிலிண்டரைத் தனியாக உருட்டிக்கொண்டு போனார், நான் போனில் பேசிக்கொண்டே 'இருங்கப்பா வர்றேன்' என்றேன், போகவில்லை. அடுத்த வாரம் நெஞ்சுவலி. டாக்டர் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். ஆனால் அந்த வட்டத்தில் தெரிவது நான்தான், போனைக் காதில் வைத்துக்கொண்டு.

கிரிவலப்பாதை:
இது நான் யோசிக்காத இடம். சும்மாஇரு சார் கேட்டது சரியான கேள்வி.

சும்மாஇரு:
அப்போது காலண்டர் சுவரிலேயே இருக்கட்டும்மா. அந்தப் போன் வைத்திருக்கிறவளைப் பற்றிப் பேசுவோம்.