டிஸ்ப்னியா: ‘மூச்சுத்திணறல்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூச்சுவிடச் சிரமப்படுவதைக் குறிக்கும் மருத்துவச் சொல்லான டிஸ்ப்னியாவுக்கு (dyspnea) தமிழில் ‘மூச்சுத்திணறல்’ என்ற சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று முந்தைய மடலில் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. நோயாளியிடம் பேசும்போது அந்தச் சொல்லே போதும். ஆனால் பாடநூலில் அது இடிக்கிறது.

டிஸ்ப்னியா கிரேக்கச் சொல். ‘டிஸ்’ என்றால் கெட்ட, கடினமான. ‘ப்னொயா’ என்றால் மூச்சு. மாடி ஏறினால் லேசாக மூச்சு வாங்குவதில் தொடங்கி, உடை மாற்றக்கூட முடியாமல் இளைப்பது வரை எல்லாமே இதில் அடங்கும். தமிழில் ‘திணறல்’ என்றதும் கடைசி நிலைதான் மனத்தில் வருகிறது. போதாக்குறைக்கு, புகையில் சிக்கி இறந்தவரையும் ‘மூச்சுத்திணறி உயிரிழந்தார்’ என்றே செய்திகளில் எழுதுகிறோம். அது அஸ்பிக்ஸியா, அதாவது உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போவது; முற்றிலும் வேறு.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. டிஸ்ப்னியா என்பது நோயாளி உணர்வது. நுரையீரல் மருத்துவத்துக்கான அமைப்பான அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி 1999இல் தந்த வரையறையும் அதை மூச்சுவிடுவதில் ஒருவர் தாமே உணரும் அசௌகரியம் என்றுதான் சொல்கிறது. வெளியிலிருந்து எண்ணிப் பார்க்கக்கூடியது டாக்கிப்னியா: பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு, அதற்கு மேல் போனால் டாக்கிப்னியா. காதால் கேட்பது வீசிங், மூச்சோடு வரும் விசில் போன்ற ஒலி. மூன்றும் சேர்ந்தே வரவேண்டும் என்பதில்லை. கொரோனா காலத்தில் இரத்தத்தில் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்தும் மூச்சுச் சிரமமே தெரியாமல் இருந்த நோயாளிகளைப் பார்த்தோம் அல்லவா? ஆக, ‘இரைப்பு’ என்ற சொல்லை வீசிங்குக்கே விட்டுவிடுவோம். இரைச்சல் அதன் வேரிலேயே இருக்கிறது.

டிஸ்ப்னியாவுக்கு ‘முட்டு’ என்று முன்பு வந்த பரிந்துரை எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஈழத்தமிழில் அது ஆஸ்துமாவின் பெயர், குழப்பம் வரும். ‘அருமூச்சு’ என்றும் யோசித்தேன். கடப்பதற்குக் கடினமான பாலைவழியைச் சொல்லும் அருஞ்சுரம் என்பதில் ‘அரு’ கடினத்தைத்தானே குறிக்கிறது. ஆனால் அருமருந்து, அருஞ்சொல் என்று பழகிய காதுக்கு அது அரிய மூச்சு என்று ஒலிக்கும்.

என் பரிந்துரை ‘இடர்மூச்சு’. இடர் என்பதில் படும் துன்பம் இருக்கிறது, அளவு இல்லை. லேசான இடர்மூச்சு, கடும் இடர்மூச்சு என்று இயல்பாகச் சொல்லலாம். குடும்பமும் எளிதாக அமைகிறது: டாக்கிப்னியா விரைமூச்சு, பிராடிப்னியா மெதுமூச்சு, யூப்னியா இயல்மூச்சு. ஆர்த்தாப்னியாதான் கொஞ்சம் படுத்துகிறது. படுத்தால் சிரமம், எழுந்து உட்கார்ந்தால் தணியும்; இதயச் செயலிழப்பில் அடிக்கடி காண்பது. கிரேக்கர் தணியும் நிலையை வைத்து ‘நிமிர்ந்த மூச்சு’ என்று பெயரிட்டார்கள். அதை அப்படியே பெயர்த்தால் நோய் எது, நிவாரணம் எது என்று புரியாது. நாம் சிரமம் வரும் நிலையை வைத்து ‘கிடைநிலை இடர்மூச்சு’ என்போம். நீளம்தான், ஆனால் மாணவருக்கு விளக்கம் தேவைப்படாது.

மூச்சு சிறிது நேரம் நின்றுபோகும் ஆப்னியாவுக்குப் பலரும் எழுதும் ‘மூச்சுத்தடை’யை மட்டும் ஏற்க முடியவில்லை. தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்பது ஒரு வகை. மூளை கட்டளையே அனுப்பாமல் நிற்பது இன்னொரு வகை, அங்கே தடை ஏதும் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக ‘மூச்சின்மை’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். சில நொடிகளே நிற்கும் மூச்சுக்கு அது சற்றுக் கனமாகப் படுகிறது. இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.